வன்னி வீட்டுக்கு எத்தனை பீரியூ? ஏசி அளவு பற்றிய கேள்வி பதில்

கச்சான் காற்று (தென்மேற்கால வாற உலர்ந்த வெக்கைக் காற்று) தொடங்கினதில இருந்து ஒரே கேள்விதான் வருது: "அண்ணை, எந்த அளவு ஏசி எடுக்கிறது?" நான் கிளிநொச்சியில ஏசி பூட்டுற, திருத்துற வேலை செய்யிறன். கடைக்குப் போறதுக்கு முன்னம் இதை வாசியுங்கோ. பீரியூ (BTU) எண்டது ஒரு ஏசி மணித்தியாலத்துக்கு எவ்வளவு வெக்கையை வெளியேத்தும் எண்ட அளவு; கீழ வாற 9,000, 12,000 எல்லாம் அதுதான். எங்கட பக்கத்து வீடுகளுக்குத் தரையின்ர சதுர அடியை மட்டும் வைச்சு அளவு சொல்லேலாது. கூரையைப் பார்த்துத்தான் சொல்லவேணும்.

புதுக்குடியிருப்பில இருந்து: வீட்டுத்திட்ட வீடு அண்ணை. 10க்கு 12 அறை, ஓட்டுக் கூரை, சீலிங் இல்லை. மேற்குப் பக்கச் சுவர். நாங்கள் ரெண்டு பேரும் ரெண்டு பிள்ளையளும் படுக்கிறம். கடையில 18,000 பீரியூ ஏசி எடுக்கச் சொல்லுகினம்.

எடுக்காதேங்கோ தங்கச்சி. அந்தக் காசில முதல் சீலிங் அடியுங்கோ. ஓட்டுக் கூரையில ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையால காற்று போய்வரும். ஏசி இல்லாத வீட்டுக்கு அது நல்லது, ஏசி அறைக்கு ஆகாது. அறைச் சுவரும் முகடு வரைக்கும் எழும்பாமல் நிண்டால் குளிர் முழுக்க ஹோலுக்குப் போயிடும். 18,000 இல்லை, 24,000 போட்டாலும் விடிய விடிய ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

சீலிங் அடிச்சு, யன்னலுக்கு மேல இருக்கிற பூக்கல்லையும் மூடினாப் பிறகு கணக்கைப் பாருங்கோ. அறை 120 சதுர அடி. எங்கட வெக்கைக்குச் சதுர அடிக்கு 60 பீரியூ எண்டு நான் எடுக்கிறனான். அது 7,200. மேற்குச் சுவர் பின்னேர வெயிலை வாங்கி வைச்சு இரவு எட்டு ஒன்பது மணிக்கு உள்ளுக்கு விடும், அதுக்குப் பத்து வீதம் கூட்டினால் ஏறத்தாழ 7,900. ரெண்டு பேருக்கு மேல ஒவ்வொரு ஆளுக்கும் 600 கூட்டுறது வழக்கம். பிள்ளையளுக்கு 1,200 போட்டால் 9,100. ஆக, 9,000 பீரியூ இன்வேட்டர் ஏசி (தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைச்சு ஓடுறது) ஒண்டு உங்களுக்குக் காணும்.

மேற்குச் சுவருக்கு வெளியில ஒரு பந்தல் போட்டுப் பாவல் படர விட்டால் இன்னும் நல்லது. நாலு பேர் படுக்கிற அறை எண்டபடியால் கதவுக்குக் கீழ இருக்கிற இடைவெளியை மட்டும் அடைக்காதேங்கோ. விடிஞ்சதும் யன்னலைத் திறந்து விடுங்கோ.

மாங்குளத்தில இருந்து: அஸ்பெஸ்ரஸ் சீற் கூரை, சீலிங்கும் இருக்கு. 11க்கு 12 அறைக்கு 12,000 பூட்டியும் இரவு பத்து மணி வரைக்கும் குளிர் ஏறுதில்லை. ஏசி பிழையோ?

பின்னேரம் மூண்டு மணிக்கு ஒரு கதிரையில ஏறி உள்ளங்கையைச் சீலிங்கில வையுங்கோ. காய்ச்சல்காரப் பிள்ளையின்ர நெத்தி மாதிரிச் சுட்டால், பிழை ஏசியில இல்லை, சீலிங்குக்கு மேல. சீற்றுக்கும் சீலிங்குக்கும் இடையில அடைபட்ட காற்று பகல் முழுக்கக் கொதிச்சு, இரவு அறைக்குள்ள இறங்குது. ரெண்டு பக்கக் கூர்ச்சுவரிலயும் வலை அடிச்ச துவாரம் வைச்சு அந்தக் காற்றை வெளியேற விடுங்கோ. சீற்றுக்குக் கீழ கொஞ்சம் இடைவெளி விட்டு, மினுங்கிற பக்கம் கீழ பார்க்கச் சில்வர் போயில் இழுங்கோ. இது ரெண்டும் செய்தால் அதே 12,000 தாராளமாக் காணும்.

ஒண்டு சொல்ல வேணும்: அஸ்பெஸ்ரஸ் சீற்றைத் துளைக்கிறது, அறுக்கிறது, உடைக்கிறது எதுவும் செய்யாதேங்கோ. அந்தத் தூசு நுரையீரலுக்குப் பொல்லாதது. பிள்ளையள் நிக்கிற வீட்டில இன்னும் கவனம்.

ரொறன்ரோவில இருந்து: கிளிநொச்சியில அம்மா அப்பாவுக்கு மாடி வீடு கட்டுறம். மேல கொங்கிறீற் பிளாட் (தட்டைக் கூரை). இங்க மாதிரி வீடு முழுக்க ஹீற்றிங், கூலிங் ரெண்டும் போடலாமோ?

ஹீற்றிங் தேவையே இல்லை தம்பி. மார்கழி, தை விடியப்புறக் குளிருக்கு ஒரு போர்வை காணும். சூடு குளிர் ரெண்டும் தாற யூனிற்றுக்குக் கூடக் காசு குடுக்கிறது வீண். கனடாவில வீட்டின்ர வெப்ப இழப்பைக் கணக்குப் பார்த்துத்தான் வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸ் அளவு எடுப்பினம். இங்க கணக்கு மறுபக்கம்: வெளியில இருந்து எவ்வளவு வெக்கை உள்ள வருது எண்டதுதான்.

வீடு முழுக்கக் குளிராக்கவும் வேண்டாம். அம்மா பகலில விறாந்தையிலயும் குசினியிலயும்தான் நிப்பா, கதவு யன்னல் திறந்தபடிதான் இருக்கும். படுக்கிற அறைக்கு மட்டும் தனி ஏசி போடுங்கோ. அவையின்ர அறையைக் கீழ்த்தட்டில வையுங்கோ, படியும் ஏறத் தேவையில்லை, பிளாட்டின்ர வெக்கையும் நேர இறங்காது. கட்டி முடியேல்லை எண்டால் பிளாட்டுக்கு மேல ஓட்டுக் கூரை ஒண்டு போட முடியுமோ எண்டு மேசனிட்டக் கேளுங்கோ. அந்த நிழல் ஏசியில மிச்சம் பிடிச்சுத் தரும்.

வவுனியாவில இருந்து: சின்ன அறைக்கு 24,000 பழைய ஏசி. கச்சானுக்குப் பரவாயில்லை, கார்த்திகை மழைக்குள்ள குளிருது, ஆனால் உடம்பு பிசுபிசுக்குது.

அளவு கூடிப்போச்சு. பெரிய யூனிற் அறையைக் கெதியாக் குளிராக்கிப்போட்டு நிண்டிடும். காற்றில இருக்கிற ஈரம் தண்ணியா வடிய அது கனநேரம் ஓடவேணும். இப்பிடி நிண்டு நிண்டு தொடங்கினால் கொம்பிறசருக்கும் ஆயுள் குறையும். இன்வேட்டரிலயும் பெரிசா எடுத்துக் குறைச்சு ஓட்டலாம் எண்டு நினைக்காதேங்கோ, அதுவும் ஒரு அளவுக்குக் கீழ இறங்காது.

நெடுங்கேணியில இருந்து: 9,000 போட்டால் பில் எவ்வளவு கூடும்?

நல்லா அடைச்ச அறையில நல்ல இன்வேட்டர் எண்டால் இரவுக்கு மூண்டு, நாலு யூனிற் கறண்ட். மாசத்துக்கு நூறு யூனிற் கூடும் எண்டு வையுங்கோ. இப்ப 80 யூனிற் வாற வீடு 180ஐத் தொடும், யூனிற் கூடக் கூட ஒரு யூனிற்றின்ர விலையும் படிப்படியாக் கூடும். 26இல வைச்சு மேல ஃபானை மெதுவா விடுங்கோ. வயரை மெயின் போட்டில இருந்து தனியா இழுக்கச் சொல்லுங்கோ, ஃபானுக்குப் போற வயரில கொழுவ விடாதேங்கோ.

முல்லைத்தீவு, கடற்கரையில இருந்து 200 மீற்றர்: வெளி யூனிற் கறள் பிடிக்குமே?

பிடிக்கும். கடல் பார்க்காத சுவரில பூட்டுங்கோ. செப்புக் கொயிலும் உப்புக்குத் தாங்கிற பூச்சும் உள்ளதாக் கேட்டு வாங்குங்கோ. இடைக்கிட ஏசியை நிப்பாட்டிப்போட்டு நல்ல தண்ணியால மெதுவாக் கழுவுங்கோ.

மல்லாவியில இருந்து: ஏசிக்கு வசதியில்லை. தண்ணி ஊத்துற கூலர் சரிவருமோ?

கச்சானுக்குச் சரிவரும். காற்று உலர்ந்திருக்கிற மத்தியானத்தில நல்லாவே வேலை செய்யும். ஆனால் யன்னலைத் திறந்து வைக்கவேணும். கூலரைத் திறந்த யன்னலுக்கு முன்னால வைச்சு வெளிக்காற்றை இழுக்க விடுங்கோ, எதிர்ப்பக்கத்தால ஈரக்காற்று போகட்டும். அறையைப் பூட்டிவைச்சால் கொஞ்ச நேரத்தில புழுங்கும். ஐப்பசிக்குப் பிறகு காற்றே ஈரமா இருக்கும், அப்ப அதை எடுத்து வைச்சிடலாம். எங்கட கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு கூட. கூலருக்குள்ள தண்ணி ஊறுற மெத்தையில (pad) அது வெள்ளையாப் படிஞ்சு தண்ணி ஊறாது, கிழமைக்கு ஒருக்காக் கழட்டிக் கழுவுங்கோ.