தீண்டாமைப் படமும் நாஜி இயக்குநரும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் ‘அச்சூத் கன்யா’ (‘தீண்டத்தகாத பெண்’, 1936) பார்த்தேன். அந்தக் காலத்திலேயே தீண்டாமை பற்றி இப்படி ஒரு இந்திப் படமா என்று வியந்து, யார் எடுத்தது என்று தேடினேன். ஃப்ரான்ஸ் ஆஸ்டன் என்ற ஜெர்மானியர். அதே ஆண்டில்தான் அவர் நாஜிக் கட்சியில் சேர்ந்திருக்கிறார். தலை சுற்றுகிறது. இந்தி தெரியாத ஒருவர் பம்பாய்க்கு எப்படி வந்தார்? அந்தக் கட்சியில் இருந்துகொண்டு இந்தப் படத்தை எப்படி எடுத்தார்?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

படம் என்றால் அது இயக்குநரின் மனசாட்சி என்று நினைத்துப் பழகிவிட்டோம். இந்தப் படத்தைத் தயாரித்த பாம்பே டாக்கீஸில் நிலைமை வேறு. அங்கே முதலாளி ஹிமான்ஷு ராய். கதை விபின் சந்திர பாலின் மகன் நிரஞ்சன் பாலுடையது. வசனம் ஜே.எஸ். காஷ்யப், இசை சரஸ்வதி தேவி. கொடுத்த கதையைப் படமாக்கித் தருவது ஆஸ்டனின் வேலை. கைதேர்ந்த தொழில்காரர். மொழி தெரியாதது அன்று பெரிய தடையும் இல்லை. தமிழ் தெரியாத எல்லிஸ் ஆர். டங்கன் அதே 1936இல் இங்கே ‘சதி லீலாவதி’யை எடுத்து வெளியிட்டாரே.

ஆஸ்டன் 1876இல் மியூனிக்கில் பிறந்தவர். அப்பா புகைப்படக்காரர், குடும்பப் பெயர் ஓஸ்டர்மயர். 1907இல் தம்பி பீட்டரோடு ஊர் ஊராகப் படம் காட்டும் தொழிலில் இறங்கினார். பின்னால் அதே பீட்டர் மியூனிக்கில் பெரிய தயாரிப்பாளராகி, எமெல்கா என்ற பட நிறுவனத்துக்கு அடித்தளம் போட்டார். லண்டனில் சட்டம் படித்துக்கொண்டே நாடகம், சினிமா என்று அலைந்த ஹிமான்ஷு ராய் அந்த எமெல்காவின் கதவைத் தட்டினார். ஒப்பந்தம் எளிமையானது. பணமும் நடிகர்களும் இந்தியாவிலிருந்து. கேமராவும் ஆட்களும் இயக்குநரும் ஜெர்மனியிலிருந்து. அப்படி வந்தவர்தான் ஆஸ்டன்.

முதல் படம் 1925இல் வந்த ‘பிரேம் சன்யாஸ்’, புத்தரின் கதை. ராயே புத்தராக நடித்தார். ஜெய்ப்பூர் மகாராஜா யானைகளையும் ஆட்களையும் கொடுத்து உதவினார். ஐரோப்பாவில் கிடைத்த வரவேற்பு அந்தப் படத்துக்கு இங்கே கிடைக்கவில்லை. அப்புறம் தாஜ்மகாலை வைத்து ‘ஷிராஸ்’ (1928), மகாபாரதச் சூதாட்டத்தைத் தழுவி ‘பிரபஞ்ச பாஷ்’ (1929). மூன்றும் மௌனப் படங்கள். என்னைக் கேட்டால் ஆஸ்டனின் உண்மையான திறமை இந்த மூன்றில்தான் இருக்கிறது.

‘பிரேம் சன்யாஸ்’ தொடங்கும் விதத்தைக் கவனியுங்கள். இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த வெள்ளைக்காரப் பயணிகள். போதி மரத்தடியில் ஒரு முதியவர். அவர் சொல்லித்தான் புத்தர் கதை நமக்குத் தெரிகிறது. இப்போது ‘அச்சூத் கன்யா’வின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். காரில் வரும் வசதியான தம்பதி ரயில்வே கேட்டில் நிற்கிறார்கள். அங்கே ஒரு நினைவுச்சின்னம். அது யாருக்கு என்று கேட்கப்போய், நாயகி கஸ்தூரியின் கதை விரிகிறது. இரண்டு படத்திலும் கதை வெளியாட்களுக்குத்தான் சொல்லப்படுகிறது. கஸ்தூரியோ அவள் அப்பா துக்கியாவோ தங்கள் கதையைத் தாங்களே சொல்வதில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இங்கிருந்தே பதில் தேடலாம் என்று நினைக்கிறேன். படத்தில் சாதி எப்படி வருகிறது? பாம்பு கடித்த பிராமண மளிகைக்கடைக்காரரின் உயிரைத் தீண்டத்தகாத சாதியைச் சேர்ந்த கேட் கீப்பர் துக்கியா காப்பாற்றுகிறார். இருவரின் பிள்ளைகளும் ஒன்றாக வளர்ந்து, காதலித்து, வேறு வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். கடைசியில் ஓடிவரும் ரயிலை நிறுத்தப் போய் கஸ்தூரி சாகிறாள். துக்கியா நல்லவர், கஸ்தூரி தியாகி. நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வரலாம். ஊரார் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. காந்தியின் ஹரிஜன யாத்திரை முடிந்து இரண்டு ஆண்டுகளில் வந்த படம். அந்தக் காலத்து மேல்சாதிச் சீர்திருத்தக்காரரின் நல்லெண்ணம் அதில் முழுதாக இருக்கிறது, அதன் எல்லையும் இருக்கிறது. அதே 1936இல்தான் அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ உரையை அச்சிட்டார். அதில் இரக்கம் கேட்கும் ஒரு வரி கிடையாது. இரக்கப்படச் சொல்லும் படத்தை எடுக்க ஒரு நாஜிக்கு என்ன சிரமம் இருந்திருக்கும்? தன் ஊர் அநியாயத்தைக் கண்டுகொள்ளாமல், அடுத்த ஊர் அநியாயத்துக்குக் கண்ணீர் விடுகிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

இதைச் சொல்வதால் ஆஸ்டனைத் தப்பவிடுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1935இல் நியூரம்பர்க் சட்டங்கள் வந்து, யூதர்களின் குடியுரிமை பறிக்கப்பட்ட பிறகுதான் அவர் கட்சியில் சேர்ந்தார். அதுவும் பெர்லினிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, பம்பாயில் இருந்துகொண்டு. அறுபதை நெருங்கிய மனிதருக்கு விவரம் தெரியாது என்று சொல்ல முடியாது.

1939 செப்டம்பரில் போர் வந்தது. ‘கங்கன்’ படத்தை முடிக்குமுன் ஆங்கிலேயர்கள் அவரைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். பிறகு வயதைக் காரணம் காட்டி விடுவித்தார்கள். ஜெர்மனிக்குப் போய், போர் முடியும்வரை பவேரியா ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். 1956இல் பாட் ஐப்ளிங்கில் இறந்தார். அவருடைய கேமராமேன் யோசஃப் வீர்ஷிங் கதை நேர் எதிர். அவரையும்தான் முகாமில் அடைத்தார்கள். ஆனால் முகாமிலிருந்து வெளியே வந்த பின் பம்பாயிலேயே தங்கி ‘மஹல்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். ‘பாகீஸா’ பாதியில் இருக்கும்போது 1967இல் காலமானார். இந்தி சினிமா இந்த ஜெர்மன் குழுவிடம் எதைக் கற்றது என்று பார்க்க வேண்டுமானால் ஆஸ்டனைவிட வீர்ஷிங்கைத்தான் தேட வேண்டும். இருட்டையும் ஒளியையும் அவர் வைக்கும் விதமே தனி.

சரி, அடுத்து எதைப் பார்க்கலாம்? ‘பிரபஞ்ச பாஷ்’. துணை நடிகர்கள் மட்டும் 10,000 பேர் என்கிறார்கள். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் சீர்செய்து, நிதின் சாஹ்னியின் இசையோடு வெளியிட்ட பிரதியைத் தேடுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்