ஜர்னல்கள் ஓப்பன் பியர் ரிவ்யூவுக்கு மாறுறது நல்லதா, ரிவ்யூவர் தன் பேரை வெளியில சொல்லியே ஆகணுமா?

ஒரு பேப்பரை வெளியிடலாமான்னு ஜர்னல் அதே துறை ஆளுங்ககிட்ட கேக்குறதுதான் பியர் ரிவ்யூ, அதுல அவங்க எழுதித் தர்ற ரிப்போர்ட்டையோ அவங்க பேரையோ வெளியில காட்டினா அது ஓப்பன். ரிப்போர்ட்டை வெளியிடணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. பேரைப் போடுறது ரிவ்யூவர் விருப்பம். இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறதாலதான் பாதி சண்டையே வருது.

நீங்க கேக்குற விதத்தைப் பார்த்தா பிஹெச்டி பண்றவரு, இல்ல முடிச்சுட்டு வேலை தேடிட்டு இருக்கறவருன்னு தோணுது. ரிவ்யூ பண்ணச் சொல்லி மெயில் வந்திருக்கும், பேரை வெளியிட சம்மதமான்னு கேட்டிருப்பாங்க, அங்க தயங்கி நின்னிருப்பீங்க. அப்படித்தான்னு வச்சுக்கிட்டு எழுதுறேன்.

எங்க குழு பேப்பர் ஒண்ணை முதல்ல ரிப்போர்ட்டை வெளியிடாத பழைய முறை ஜர்னலுக்கு அனுப்பினோம். ஒரு ரிவ்யூவர் ஒழுங்காப் படிச்சு எழுதியிருந்தாரு. இன்னொருத்தர் எழுதினது நாலே வரி, புதுசா எதுவும் இல்ல, ஒப்பிட்டுப் பார்க்க கண்ட்ரோல் குரூப் இல்ல, இந்தந்தப் பேப்பரையெல்லாம் மேற்கோளா சைட் பண்ணலன்னு. கண்ட்ரோல் குரூப் மெத்தட்ஸ்ல முதல் பத்தியிலயே இருக்கு, டேபிள்லயும் தனி காலமா இருக்கு. அவர் சைட் பண்ணச் சொன்ன எல்லாப் பேப்பர்லயும் ஒரே ஆளோட பேரு. எடிட்டர் அதை அப்படியே ஃபார்வர்ட் பண்ணி ரிஜெக்ட் பண்ணிட்டாரு. அப்பீல் பண்ணினோம், முடிவு முடிவுதான்னு பதில் வந்துச்சு. ரிஜெக்ட் ஆனதுல எனக்கு வருத்தம் இல்ல, ரிஜெக்ட் ஆகாத ஆள் யாரு இருக்காங்க. அந்த நாலு வரியை எங்களையும் எடிட்டரையும் தவிர யாருமே பார்க்கப் போறதில்லங்கறதுதான் இன்னிக்கும் ஆத்திரமா இருக்கு.

உடனே ஒருத்தர் வந்து கேப்பாங்க, ரிஜெக்ட் ஆன பேப்பரோட ரிப்போர்ட்டை ஓப்பன் ரிவ்யூ ஜர்னலும் வெளியிடறதில்லையேன்னு. உண்மைதான், பல ஜர்னல்கள்ல ஏத்துக்கிட்ட பேப்பருக்கு மட்டும்தான் வெளியிடுறாங்க. ஆனா ரிவ்யூவர் உக்காந்து எழுதும்போது அந்தப் பேப்பர் தேறுமா தேறாதான்னு அவருக்கே தெரியாதே, நாளைக்கு எல்லாரும் படிக்கலாம்னு நினைச்சுத்தானே எழுதியாகணும். வளிமண்டல ஆய்வுக்கான அட்மாஸ்ஃபெரிக் கெமிஸ்ட்ரி அண்ட் ஃபிசிக்ஸ் 2001லேருந்தே ரிவ்யூவையும் பதிலையும் பொதுவுல வச்சுத்தான் நடத்துது, அங்க பேப்பர் தேறலன்னாலும் விவாதம் அப்படியே இருக்கும்.

அதே பேப்பரை அடுத்து ரிப்போர்ட் வெளியிடுற ஜர்னலுக்கு அனுப்பினோம். அங்க வந்த விமர்சனம் இன்னும் கடுமை. ஒரே ஆள்கிட்ட திரும்பத் திரும்ப எடுத்த அளவுகளை நீங்க தனித்தனி அளவு மாதிரி எடுத்துக்கலாமான்னு ஒரு ரிவ்யூவர் பக்கம் பக்கமா கேட்டிருந்தாரு. நாங்க ஏன் எங்க புள்ளியியல் மாடலை எடுத்தோம்னு காரணம் சொன்னோம், வேற மாடல்லயும் ஓட்டிக் காமிச்சோம். ஒரு இடத்துல கடைசி வரைக்கும் அவரும் ஒத்துக்கல, நாங்களும் விடல. அந்த வாக்குவாதம் முழுசும் பேப்பரோட சேர்ந்தே வெளிவந்துச்சு. அப்புறம் முகம் தெரியாத ஒரு மாணவி எங்களுக்கு மெயில் போட்டாங்க, பேப்பரைப் பத்தி இல்ல, அந்த ரிவ்யூவர் கேட்ட கேள்வியைப் பத்தி, அவர் பக்கம்தான் நியாயம்னு, தன்னோட சோதனையை அதுக்கேத்த மாதிரி அமைக்கிறேன்னு. எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு. அந்த ரிவ்யூவர் இன்னிக்கு வரைக்கும் யாருன்னு எனக்குத் தெரியாது, தெரியணும்னும் இல்ல.

பேர் போடாதவங்க கோழைங்கன்னு பேசுறவங்க மேல எனக்குக் கோபம்தான் வருது. நாளைக்கு உங்க கிராண்ட்டை, அதாவது ஆராய்ச்சிக்கான பணத்தை, முடிவு பண்ணப் போற பேராசிரியரோட பேப்பர் தப்புன்னு பேரோட எழுதுங்கன்னு நிரந்தர வேலையில இருக்கறவங்க சொல்றது ரொம்ப சுலபம். பிஎம்ஜேங்கற பிரிட்டிஷ் மருத்துவ ஜர்னல் 1999ல வெளியிட்ட சோதனையில, பேரை பேப்பர் எழுதின ஆசிரியர்களுக்குச் சொல்லணும்னதும் மாட்டேன்னு சொன்ன ரிவ்யூவர்ஸ் கூடினாங்க, ரிவ்யூவோட தரம் ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல. எல்செவியர் பதிப்பகத்தோட 5 ஜர்னல்கள்ல ரிப்போர்ட் வெளியிட்டுப் பார்த்த ஆய்வு 2019ல வந்துச்சு, பேரையும் போட ஒத்துக்கிட்டவங்க 8 சதவீதம் பேர்தான், ஆனா ரிப்போர்ட் வெளியானதால ரிவ்யூ கெட்டுப் போகல. நேச்சர் ஜர்னல் 2020ல விருப்பப்பட்ட ஆசிரியர்களுக்குன்னு ஆரம்பிச்சு 2025 ஜூன்லேருந்து புதுசா வர்ற எல்லா ஆய்வுக் கட்டுரைக்கும் ரிப்போர்ட் வெளியிடுறாங்க, பேர் மட்டும் ரிவ்யூவர் சம்மதிச்சாத்தான். இதுல என்ன குறைன்னு எனக்குப் புரியல. பொறுப்பேத்துக்க ஒரு பேர் வேணும்னா எடிட்டர் பேரைப் போடுங்க, முடிவு எடுக்கறது அவர்தானே.

அப்புறம் இதுக்கு சம்பந்தமே இல்லாத ஒண்ணு, சொல்லாம விட மனசு வரல. முதல் ஜர்னல்லேருந்து ரெண்டாவதுக்கு மாத்துறப்ப ரெஃபரன்ஸ் மொத்தத்தையும் வேற ஃபார்மேட்டுக்கு மாத்தி, படத்தையெல்லாம் தனித்தனி ஃபைலாக்கி, ஒவ்வொரு ஆசிரியர் விவரத்தையும் போர்ட்டல்ல திரும்ப டைப் பண்ணி, கடைசியில பப்ளிஷர் தன் ஸ்டைல்ல அதையே இன்னொரு தடவை மாத்திக்கிறான். ஏத்துக்கிட்ட பிறகு ஃபார்மேட் கேட்டா என்ன? ரிவ்யூ பண்றவங்களுக்கும் சம்பளம் இல்ல, இந்த வேலைக்கும் இல்ல.

சரி, உங்க விஷயம். பேர் போடத் தயக்கமா இருந்தா போடாதீங்க, ரிவ்யூவை மட்டும் ஒத்துக்குங்க. கைடுக்கு ரிவ்யூவுக்கு வந்த பேப்பருக்கு நீங்க ரிப்போர்ட் எழுதிக் குடுக்கறதா இருந்தா, உங்களையும் ரிவ்யூவரா சேர்க்கச் சொல்லி எடிட்டருக்கு முன்னாடியே தெரிவிக்கச் சொல்லுங்க, இல்லன்னா உங்க உழைப்பு அவர் கணக்குல போயிடும். ரிவ்யூ ஃபார்ம்ல எடிட்டருக்கு மட்டும்னு ஒரு தனிப் பெட்டி இருக்கும், அது வெளியாகாது, அதுக்காக முக்கியமான குறையை அங்க ஒளிச்சு வைக்காதீங்க, ஆசிரியர் படிக்கிற பகுதியிலயே எழுதுங்க.