ஆவணப்படத்துக்குப் பிரதி எதற்கு?

மதிப்புக்குரிய ஐயா,

உரும்பிராயில் எங்கள் ஊர்த் தோட்டக் கிணறுகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க எண்ணியுள்ளோம். முன்கூட்டியே பிரதி (படத்துக்கான எழுத்துத் திட்டம்) எழுதினால் உண்மை நம் விருப்பத்துக்கு வளைந்துவிடும், கமராவோடு போய் நடப்பதைப் பதிவுசெய்தால் போதும் என்கிறார் நண்பர். தங்கள் கருத்து என்ன?

வாசகி, உரும்பிராய்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் நண்பரின் அச்சம் நியாயமானது. முடிவை முதலிலேயே எழுதிவைத்துக்கொண்டு, அதற்கேற்ற சொற்களை மனிதரின் வாயிலிருந்து பிடுங்கும் படங்கள் உண்டு. ஆயினும், பிரதி இல்லாமல் போகிறவரும் ஏதோவொரு முடிவோடுதான் போகிறார். எழுதப்படாத காரணத்தால் அதை எவரும் கேள்வி கேட்பதில்லை.

படப்பிடிப்புக்கு முன் எழுத வேண்டியது, நமக்கு என்ன தெரியும், எதைத் தேடுகிறோம், யாரிடம் கேட்கலாம், எந்தப் பருவத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பவற்றையே. உங்கள் ஊர் அமைந்த வலிகாமப் பகுதியில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்குவதே கிணற்று நீர். இதை எழுதிப் பார்த்தவர் கார்த்திகை மாரியிலும் ஆவணி வறட்சியிலும் அதே கிணற்றடிக்குப் போவார். எழுதாதவர் தமக்கு ஓய்வு கிடைத்த நாளில் போவார். முதியவரிடம் துலா மிதித்த காலத்தைக் கேட்பதோடு நில்லாமல், இயந்திரம் வந்த பின் எவ்வளவு நேரம் இறைக்கிறார், வெங்காயத்துக்கு எவ்வளவு உரம் இடுகிறார் என்றும் கேட்க, எழுதிப் பார்த்தவருக்கே தோன்றும்.

நேர்காணல்களைச் சொல்லுக்குச் சொல் எழுதியெடுத்து, தாளில் வெட்டி அடுக்கும்போது முதற்பிரதியின் பாதி பொய்யாகிப் போகலாம். போகட்டும், அந்த இழப்புக்காகவே அதை எழுதினோம்.

பின்னணி உரையைக் கடைசியில் எழுதுங்கள். இலங்கைத் தேயிலைப் பிரசாரத்துக்காக பசில் ரைட் இயக்கி 1934இல் வெளிவந்த ‘சோங் ஒஃப் சிலோன்’ படத்தின் உரை, கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபேர்ட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதி 1681இல் வெளியான நூலிலிருந்து எடுக்கப்பட்டது. இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் அதை வாசித்தார். கண் 20ஆம் நூற்றாண்டைப் பார்க்க, காது 17ஆம் நூற்றாண்டைக் கேட்கிறது. அந்த இடைவெளியில் பார்வையாளர் தாமாகச் சிந்திக்கிறார். உங்கள் படத்தில் வாய்க்கால் வழியே பாத்திக்குத் தண்ணீர் பாயும்போது ‘தண்ணீர் பாய்கிறது’ என்று குரல் சொல்ல வேண்டியதில்லை. பயிர் உறிஞ்சாத உரம் நைத்திரேற்று என்னும் உப்பாக அதே கிணற்றுக்குத் திரும்புகிறது என்பதைக் காட்சி சொல்லாது. அதைச் சொல்லவே உரை வேண்டும்.

குரல் பதிவுசெய்யுமுன் கிணற்றுக்காரருக்குப் பிரதியை வாசித்துக் காட்டுங்கள். அவர் மறுக்கும் இடத்தில் பேனாவை எடுங்கள்.