மூன்றாம் வருடம் காணாமல் போகும் ஃபாக்ஸ்குளோவ்: இங்கிலாந்துத் தோட்டக்காரர்களின் கேள்விகள்

லெஸ்டரிலிருந்து: ஃபாக்ஸ்குளோவ் பூச்செடியைப் பல வருடம் இருக்கும் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். போன ஜூனில் ஆள் உயரத்துக்குப் பூத்தது. இந்த வசந்தத்தில் பார்த்தால் இடமே காலி. என்ன தப்பு செய்தேன், அக்கா?

தப்பு உங்கள் மேல் இல்லை. ஃபாக்ஸ்குளோவின் தாவரப் பெயர் டிஜிட்டாலிஸ், அதில் பல இனங்கள் உண்டு. உங்களுடையது சாதாரண டிஜிட்டாலிஸ் பர்பூரியாவாக இருந்திருக்கும். முதல் வருடம் இலை, அடுத்த வருடம் பூவும் விதையும், அதோடு பெரும்பாலும் கதை முடிந்தது. வாங்கும்போது செடியில் தொங்கும் சீட்டில் பூப்படத்தைப் பார்க்காதீர்கள், தாவரப் பெயரைப் பாருங்கள்.

ஹாரோவிலிருந்து: அப்படியானால் எதை வாங்குவது?

என் ஓட்டு டிஜிட்டாலிஸ் கிராண்டிஃப்ளோராவுக்கு. முக்கால் மீட்டர், மிஞ்சினால் ஒரு மீட்டர். வெளிறிய மஞ்சள் மணிகள். குனிந்து ஒரு பூவுக்குள் பாருங்கள், பழுப்பு மையில் வலை பின்னியது போல் இருக்கும். லூட்டியா என்ற இனமும் நீடிக்கும், ஆனால் பூ சின்னது, தூரத்தில் எடுபடாது. ஸ்ட்ராபெரி நிறம் வேண்டுமென்றால் மெர்ட்டனென்சிஸ். 1920களில் லண்டன் பக்கம் மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வு நிலையத்தில் பர்பூரியாவையும் கிராண்டிஃப்ளோராவையும் கலந்து உண்டாக்கியது. கலப்பினம்தான், ஆனாலும் விதை போட்டால் தாயைப் போலவே வரும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பூத்து முடிந்ததும் தோண்டிப் பிரித்து நடுங்கள். விட்டால் கிழடு தட்டிவிடும்.

கொவென்ட்ரியிலிருந்து: எங்கள் வீட்டுக் களிமண்ணில் குளிர்காலத்தில் அழுகிப்போகிறது.

பனியை அது தாங்கும். தேங்கும் ஈரம்தான் எமன். மண்ணில் இலைமக்கும் சிறு ஜல்லியும் கலந்து, கொஞ்சம் மேடாக்கி நடுங்கள். ஒரு நவம்பரில் குளிருமே என்று பாசத்தோடு நடுக்குருத்தின் மேலேயே கம்போஸ்டைக் குவித்தேன். மார்ச்சில் தொட்டால், கனிந்த வாழைப்பழம் மாதிரி கையோடு வந்தது. மூடாக்கைச் செடியைச் சுற்றிப் போடுங்கள், தலையில் போடாதீர்கள்.

ஹாரோவிலிருந்து மறுபடியும்: விதை போட்டு ஒரு மாதம் ஆகிறது, ஒன்றுகூட முளைக்கவில்லை.

மண் போட்டு மூடினீர்களா? தூள் போன்ற விதை அது, முளைக்க வெளிச்சம் வேண்டும். ஈர மண்ணின் மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும். தண்ணீரை மேலே ஊற்றாமல் தட்டில் வைத்து உறிஞ்ச விடுங்கள். பூவுக்கு அடுத்த வருடம் வரை பொறுக்க வேண்டும்.

குரோய்டனிலிருந்து: இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. நடலாமா?

வேண்டாம். இலை, பூ, விதை எல்லாமே விஷம், இதயத் துடிப்பையே குலைத்துவிடும். இதே டிஜிட்டாலிஸ் குடும்பத்து லனாட்டா என்ற இனத்திலிருந்துதான் இதய மருந்தான டிஜாக்சின் எடுக்கிறார்கள். பூக்காத பருவத்தில் இலை காம்ஃப்ரி என்ற மூலிகையின் இலை போலவே இருப்பதால் பெரியவர்களே ஏமாந்திருக்கிறார்கள். கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் யாரும் நடாதீர்கள். கையுறையும் போடுங்கள்.

சென்னையிலிருந்து: மாடியில் வருமா?

அந்த வெயிலுக்கு வராது. ஊட்டி, கொடைக்கானல் என்றால் முயலலாம்.

லெஸ்டரிலிருந்து மறுபடியும்: பூத்த தண்டை எப்போது வெட்டுவது?

கீழிருந்து மேலாகப் பூத்துக்கொண்டே போகும். நுனியில் நாலைந்து மொட்டு மிச்சமிருக்கும்போதே வெட்டினால் பக்கத்தில் சின்னத் தண்டுகள் கிளம்பும். வெட்டும் முன் தண்டை ஒரு தட்டு தட்டுங்கள். மணிக்குள் பம்பிள்பீ என்ற குண்டுத் தேனீ இருந்தால் புட்டம் மட்டும்தான் வெளியே தெரியும்.