பாசிமணி அம்மா பேர் என்ன?

சார், வணக்கம். நாங்க பத்து பேர் சேர்ந்து சென்னையில ஒரு சர்வதேச ஓவிய விழா நடத்தலாம்னு இருக்கோம். எட்டு நாட்டுல இருந்து ஓவியர்கள் வர்றாங்க. நரிக்குறவர் சமூகத்தை மையமா வெச்சு கலாச்சாரங்களுக்கு நடுவுல ஒரு உரையாடல் உருவாகணும்ங்கறது எங்க ஆசை. ஐரோப்பாவுல ரோமா மக்களை (ஜிப்சின்னு மத்தவங்க சொல்வாங்களே, அவங்க) வெச்சு இப்படி நடக்குதாம், அவங்களும் இந்தியாவுல இருந்து போனவங்கதானே. விழாவை கேலரியில வைக்கலாமா, குடியிருப்புலயே வைக்கலாமா? கேட்டலாக்குக்கு நீங்க ஒரு முன்னுரை தரணும்.
ஒரு வாசகி, பெருங்குடி

அன்புள்ள வாசகிக்கு,

போன வாரம் வெள்ளையடிக்கறதுக்காக பீரோவை நகர்த்தினப்ப பின்னாடி இருந்து ஒரு பழைய வாட்டர்கலர் கிடைச்சுது, நாலு நாளா அதைத்தான் பாத்துட்டு இருக்கேன், அந்த நேரம் பாத்து உங்க மெயில்.

ரோமா சொந்தக்கதையை விட்டுடுங்க. அவங்க முன்னோர் இங்க இருந்து போனவங்கதான், அவங்க பாஷையில ஒண்ணு ரெண்டு மூணுன்னா ஏக், தூய், த்ரின். அதுக்காக நரிக்குறவரையும் அவங்களையும் ஒரே மேடையில ஏத்தி அண்ணன் தம்பின்னு காட்ட வேண்டாம். நரிக்குறவர் பேசற வாக்ரிபோலி வேற, அவங்கவங்க பட்ட பாடு வேற.

அப்புறம், 'மையமா வெச்சு'ன்னா என்னம்மா அர்த்தம்? நடுவுல உக்கார வெச்சு சுத்தி நின்னு வரையறதா? எட்டு நாட்டு ஓவியர்னு எழுதியிருக்கீங்க, நரிக்குறவர்ல ஒருத்தராவது பிரஷ் பிடிப்பாங்கன்னு ஒரு வரி இல்லையே. படிச்சதும் கோவம் வந்துடுச்சு. உங்க மேல இல்ல, அந்த வாட்டர்கலர் மேல.

1987ல நான் பெரியமேட்டுல ஓவியக் கல்லூரியில படிச்சுட்டு இருந்தேன். எழும்பூர் ஸ்டேஷன் நடக்கற தூரம், சாயங்காலம் ஆனா ஸ்கெட்ச் பேடைத் தூக்கிட்டு அங்க போயிடுவோம். வாசல் பக்கம் சாக்கு விரிச்சு பாசிமணி, ஊசிமணி, ஊக்கு, சீப்புன்னு பரப்பி வெச்சு ஒரு அம்மா உக்காந்திருப்பாங்க. ஒரு மணி நேரம் அவங்களை வாட்டர்கலர்ல வரைஞ்சேன். முடிச்சதும் எட்டிப் பாத்துட்டு "மணி தப்பு சாமி"ன்னாங்க. கழுத்து மாலையில நான் பாட்டுக்கு கருப்பு, சிவப்பு, மஞ்சள்னு கைக்கு வந்தபடி புள்ளி வெச்சிருந்தேன். அவங்க மாலையைக் கழட்டி என் முழங்கால் மேல போட்டு நகத்தால தள்ளித் தள்ளி எண்ணிக் காட்டினாங்க, மூணு கருப்பு ஒரு சிவப்பு, மூணு கருப்பு ஒரு மஞ்சள், அப்புறம் ஒரே ஒரு வெள்ளை, அங்க இருந்து வந்த வழியே திரும்பணும். "சிவப்பை மஞ்சள் பக்கத்துல ஒட்டி வெச்சா ரெண்டும் செத்துப்போகும், நடுவுல கருப்பு வேணும் சாமி."

மாலையைத் திருத்தினேன். பேரைக் கேக்கல.

'நாடோடிப் பெண்'னு தலைப்பு, கீழ என் கையெழுத்து. ஒரு கண்காட்சியில பரிசு கிடைச்சுது, என் பேரோட பேப்பர்லயும் வந்துச்சு. அந்தக் கட்டிங்கை எடுத்துட்டு ஓடினேன், அந்த இடத்துல அவங்க இல்ல. டீக்கடையில "பாசிமணி விப்பாங்களே, அந்த அம்மா"ன்னு கேட்டேன். "எந்த அம்மா?"ன்னாரு கடைக்காரர். அதுக்கு மேல எனக்கு சொல்லத் தெரியல.

ஐரோப்பாவுல இருந்து ஏதாவது எடுத்துக்கணும்னா இதை எடுத்துக்குங்க. ஆஸ்திரியாவுல சேயா ஸ்டோய்கான்னு ஒரு ரோமா அம்மா, 1933ல பிறந்தவங்க. சின்னப் பொண்ணா இருந்தப்ப 1943ல நாஜிக்கள் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டு போய் கையில நம்பர் குத்தினாங்க, பேர் போச்சு, வெறும் நம்பர். அப்புறம் பெர்கன்-பெல்சன் முகாம்ல மரத்து இலையைத் தின்னு உயிர் பிழைச்சாங்க. அம்பத்தஞ்சு வயசுக்கு மேல தானாவே வரைய ஆரம்பிச்சாங்க, அவங்க ஓவியங்கள்ல கையெழுத்தோட ஒரு சின்ன மரக்கிளையும் இருக்கும். 2022ல வெனிஸ் பியன்னாலேங்கற சர்வதேச கலைக் கண்காட்சியில போலந்து நாட்டோட அரங்கு முழுசும் மிர்கா-தாஸ்ங்கற ரோமா பெண்ணோட வேலை, பழைய துணிகளைத் தச்சு தனக்குத் தெரிஞ்ச பொம்பளைங்களை சுவர் உசரத்துக்கு நிக்க வெச்சிருந்தாங்க. யாரோ வந்து அவங்களை மையமா வைக்கல, அவங்களேதான் வரைஞ்சாங்க, அவங்களேதான் கையெழுத்தும் போட்டாங்க.

அதனால திரும்பவும் சொல்றேன், பேர். நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியல்ல சேர்க்கற சட்டம் பார்லிமென்ட்ல பாஸாகவே 2022 டிசம்பர் வரைக்கும் காத்துக் கிடந்த ஜனங்கம்மா. 'நரிக்குறவர் கைவினை'ன்னு மொத்தமா ஒரு லேபிள் ஒட்டினீங்கன்னா நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். ஒவ்வொரு மாலைக்குக் கீழயும் கோத்தவங்க பேர் வேணும், அவங்க சொல்ற மாதிரி, சரியான எழுத்தோட. வெளிநாட்டுக்காரங்க பேர் எந்த சைஸோ அதே சைஸ்ல. அவங்களுக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம். யாரையாவது வரைஞ்சா தலைப்புல வரையப்பட்டவங்க பேர், பேர் போட வேண்டாம்னு அவங்க சொன்னா அந்தப் படமே மாட்டக் கூடாது. இதுல கறாரா இருங்க.

முன்னுரை நான் எழுதல. கோக்கறவங்க ரெண்டு பேரை உக்கார வெச்சு எந்த மணி பக்கத்துல எந்த மணி வரணும், ஏன் வரணும்னு பேச விட்டு போன்ல ரெக்கார்ட் பண்ணி அதையே அச்சடிங்க, வாக்ரிபோலியில ஒரு பக்கம், தமிழ்ல ஒரு பக்கம்.

திட்டிட்டேன்னு வருத்தப்படாதீங்கம்மா, உங்க வயசுல எனக்கு இந்த யோசனையே வரல. தேதி முடிவானதும் சொல்லுங்க, ரெண்டு நாள் முன்னாடியே வந்து மாட்டறதுக்கு, ஆணி அடிக்கறதுக்கு கூட நிக்கறேன். கேலரியா குடியிருப்பான்னு கேட்டிருந்தீங்க இல்ல, அதை அவங்க கிட்ட கேட்டீங்களா?