ஓசூர் குட்டி ஆமை: கண் வீக்கமும் அமுங்கும் ஓடும்

குட்டி ஆமைக்குக் கண் வீங்கித் திறக்கவில்லை, ஓடு அமுங்குகிறது என்று ஓசூரிலிருந்து படத்தோடு கேட்டிருக்கிறீர்கள். நட்சத்திர ஆமை என்று சொல்லி விற்றிருந்தாலும், உங்கள் படத்தில் இருப்பது அது இல்லைங்க. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை, விரலிடுக்கில் சவ்வு, பச்சை ஓடு: இது ரெட் இயர்டு ஸ்லைடர், நீரில் வாழ்வது. நட்சத்திர ஆமைக்குக் கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் கதிராக விரியும், கால் யானைக்கால் மாதிரி இருக்கும். அதை வீட்டில் வைத்திருப்பதே 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

காய்ந்த இறால் மட்டுமே போடுகிறீர்கள், தொட்டி ஜன்னலோரம் இருக்கிறது என்கிறீர்கள். கோளாறு அங்கேதான். இறாலில் வைட்டமின் ஏ போதாது, அதனால் கண் வீங்கும். வெயிலில் உள்ள புற ஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அந்தக் கதிர் இல்லாமல் உடம்பு கால்சியத்தை ஏற்காது, ஓடு இளகும். அந்தக் கதிரைத் தரும் யுவிபி விளக்கை 25–30 செ.மீ. உயரத்தில், நடுவில் கண்ணாடி இல்லாமல் மாட்டி, தினம் 10–12 மணி நேரம் எரியவிடுங்கள். அதன் கீழே முழுசாக ஏறி உடம்பு காய ஒரு கல். கல் மேல் 30–32 டிகிரி, தண்ணீர் 26. ஓசூர் மார்கழிக் குளிருக்கு ஹீட்டர் இல்லாமல் முடியாது. தண்ணீர் குளிர்ந்தால் தீனி எடுக்காது, சளி நெஞ்சில் இறங்கும்.

ஆமைப் பெல்லட் (கடையில் விற்கும் உருண்டைத் தீனி) அதன் தலையளவு, தினம் ஒருவேளை. கால்சியத்துக்குத் தண்ணீரில் கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்று கிடக்கட்டும்.

கண் திறக்காததால் இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வைட்டமின் ஏ சொட்டு மருந்தை நீங்களாக ஊற்றாதீர்கள், அளவு கூடினால் தோல் உரிந்துவிடும். வளர்ந்தால் ஓடு ஓரடி வரை வரும். அப்போது சமாளிக்க முடியவில்லை என்று கிருஷ்ணகிரி அணையில் மட்டும் விடாதீர்கள், அங்குள்ள நம்மூர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் இது பிடித்துக்கொள்ளும்.