லட்சம் பார்வை, ஆயிரம் ரூபாய்

வணக்கம் அண்ணா,

நான் திண்டுக்கல் பக்கம். யூடியூப்பில் வீட்டு உபயோகப் பொருட்களைப் பற்றி ஷார்ட்ஸ் போடுகிறேன். தினமும் ஒன்று, சில நாள் இரண்டு. சப்ஸ்கிரைபர்கள் 40 ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். அமேசான் அஃபிலியேட் லிங்க்கை (அதன் வழியே யாராவது வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும் லிங்க்) டிஸ்கிரிப்ஷனிலும் முதல் கமெண்டிலும் தவறாமல் போடுகிறேன். போன மாதம் இண்டக்ஷன் அடுப்பு பற்றிய ஒரு ஷார்ட்ஸை 4 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆனால் மாதம் முழுவதற்கும் கமிஷன் 1,100 ரூபாய்தான். முதலில் இதைவிடக் கூடுதலாகக் காட்டிய தொகை பிறகு குறைந்தும்விட்டது. எங்கள் வீட்டுக்கு வாங்குவதையும் என் லிங்க்கிலேயே வாங்குகிறேன், சொந்தக்காரர்களையும் அப்படியே வாங்கச் சொல்கிறேன். இன்னும் அதிகமாக வீடியோ போட வேண்டுமா? காசு கட்டி ப்ரமோட் செய்யலாமா? மொபைல், டிவி என்று விலை கூடிய பொருட்களுக்கு மாறினால் கமிஷன் கூடுமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று கேள்விக்கும் என் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். காரணத்தைச் சொல்கிறேன். அதற்கு முன் உடனே சரிசெய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. ஷார்ட்ஸின் டிஸ்கிரிப்ஷனிலோ கமெண்டிலோ போடும் லிங்க்கைத் தட்டினால் அது திறக்காது. மோசடி லிங்க்குகளைத் தடுக்க 2023 ஆகஸ்ட் 31 முதல் யூடியூப் அதை நிறுத்திவிட்டது. லிங்க் வெறும் எழுத்தாகத்தான் நிற்கும். அந்த 4 லட்சம் பேரில் ஒருவராவது வாங்க நினைத்திருந்தால், அமேசானுக்குத் தானே போய்ப் பெயரைத் தட்டித் தேடித்தான் வாங்கியிருப்பார். அந்தக் கமிஷன் உங்களுக்கு வராது. பழைய நீள வீடியோக்கள் ஏதாவது போட்டிருந்தால், உங்களுக்கு வந்த 1,100 ரூபாய் பெரும்பாலும் அவற்றிலிருந்து வந்திருக்கும்.

இதற்கு யூடியூப்பே ஒரு வழி வைத்திருக்கிறது. யூடியூப் ஸ்டுடியோவில் ஷார்ட்ஸைத் திருத்தும் பக்கத்தில் ‘தொடர்புடைய வீடியோ’ என்று ஓர் இடம் உண்டு. அதே பொருளைப் பற்றி 8, 10 நிமிட வீடியோ ஒன்று எடுத்து அங்கே கோத்துவிடுங்கள். ஷார்ட்ஸைப் பார்ப்பவர் ஒரே தட்டில் நீள வீடியோவுக்கு வருவார். நீள வீடியோவின் டிஸ்கிரிப்ஷனிலும், கமெண்ட் பகுதியின் உச்சியில் நிற்கும்படி நீங்கள் ‘பின்’ செய்த கமெண்டிலும் லிங்க் வேலை செய்யும். வீடியோவைக் கோப்பதற்கும் லிங்க் திறப்பதற்கும் சேனலில் மேம்பட்ட அம்சங்கள் (அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ்) திறந்திருக்க வேண்டும். செட்டிங்ஸில் சேனல் பகுதியில் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்கிரிப்ஷனை விரிக்காமலே தெரிவது முதல் இரண்டு மூன்று வரிகள்தான். பலர் அங்கே சேனல் அறிமுகத்தை எழுதிவிட்டு லிங்க்கைப் பதினைந்தாவது வரியில் ஒளித்து வைக்கிறார்கள். லிங்க் முதல் வரியில் இருக்கட்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2024 அக்டோபரில் யூடியூப் ஷாப்பிங் அஃபிலியேட் திட்டம் இந்தியாவுக்கு வந்தது. பிளிப்கார்ட்டும் மிந்த்ராவும் முதலில் சேர்ந்தன. இதில் பொருளை வீடியோவிலேயே டேக் செய்யலாம், ஷார்ட்ஸிலும் செய்யலாம், அந்த டேக்கைத் தட்டினால் கடை திறக்கும். தகுதி வரம்பு அவ்வப்போது மாறுவதால் ஸ்டுடியோவில் ‘சம்பாதிக்க’ பகுதியைத் திறந்து உங்கள் சேனலுக்கு அந்த வசதி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சொந்தக்காரர்கள் விஷயத்தை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் லிங்க்கில் நீங்களே வாங்குவதும், உறவினர், நண்பர்களை வாங்க வைப்பதும் அமேசான் விதிப்படி கமிஷனுக்குத் தகுதியில்லாதவை. ஒரே முகவரி, ஒரே கார்டு, ஒரே வைஃபை என்று பார்த்தால் கண்டுபிடிப்பது அவர்களுக்குக் கஷ்டமில்லை. கணக்கை மூடினால் வரவேண்டிய பாக்கியும் போய்விடும். சில நூறு ரூபாய்க்காக அதைப் பணயம் வைக்காதீர்கள்.

இனி வருமானத்துக்கு வருவோம். கமிஷன் நான்கு இடங்களில் ஒழுகலாம்: எத்தனை பேர் தட்டுகிறார்கள், தட்டியவர்களில் எத்தனை பேர் வாங்குகிறார்கள், வாங்கிய பொருளுக்கு எத்தனை சதவீதம், வாங்கியதில் எத்தனை திரும்பி வருகிறது. எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் வீடியோ எண்ணிக்கையைக் கூட்டினால் உழைப்புதான் கூடும். கண்டுபிடிக்க டிராக்கிங் ஐடி, அதாவது எந்த லிங்க்கிலிருந்து கிளிக்கும் ஆர்டரும் வந்தன என்று பிரித்துக் காட்டும் அடையாளம், போதும். இப்போது எல்லா வீடியோவுக்கும் ஒரே ஐடியைப் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். அமேசானில் ஒரு கணக்குக்கு 100 ஐடி வரை வைத்துக்கொள்ளலாம். கிரைண்டர் டிஸ்கிரிப்ஷனுக்கு ஒன்று, கிரைண்டர் பின் கமெண்டுக்கு ஒன்று, இண்டக்ஷனுக்கு ஒன்று என்று பிரித்துவிட்டு ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட்டைப் பாருங்கள். கிளிக்கே இல்லையென்றால் லிங்க் இருக்கும் இடம் சரியில்லை, அல்லது வீடியோவில் லிங்க் இருப்பதை வாயால் சொல்லவே இல்லை. கிளிக் நிறைய, ஆர்டர் இல்லையென்றால் பொருள் ஸ்டாக்கில் இல்லாமல் போயிருக்கும், விலை ஏறியிருக்கும், அல்லது நீங்கள் சொன்ன மாடலும் லிங்க்கில் உள்ள மாடலும் வேறாக இருக்கும். இது மிகச் சாதாரணமாக நடப்பது. அதிகம் கிளிக் வரும் 20 லிங்க்குகளை மாதம் ஒருமுறை லாகின் செய்யாத பிரவுசரில் திறந்து பாருங்கள். ஆர்டர் நன்றாக இருந்தும் பணம் சொற்பமென்றால் சதவீதம் குறைந்த வகையில் உழைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மொபைலுக்கு மாறுவதில் உள்ள சிக்கல் அதுதான். கமிஷன் சதவீதத்தில் மொபைல் கடைசி வரிசையில் நிற்கும். வீட்டு, சமையலறைப் பொருட்களுக்குப் பொதுவாக அதைவிடக் கூடுதல். கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: 15,000 ரூபாய் மொபைலுக்கு 1 சதவீதம் என்றால் 150 ரூபாய். 5,000 ரூபாய் கிரைண்டருக்கு 5 சதவீதம் என்றால் 250. அன்றைய உண்மையான சதவீதத்தை கமிஷன் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். தவிர, மொபைல் வாங்குபவர் பத்து வீடியோ பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். கடைசியாக யார் லிங்க்கைத் தட்டினாரோ அவருக்குத்தான் கமிஷன். பெரிய சேனல்களோடு அந்தக் கடைசித் தட்டுக்குப் போட்டியிட வேண்டும்.

அமேசானில் ஒரு தட்டு 24 மணி நேரம்தான் செல்லும். ஆனால் அதற்குள் பொருளைக் கூடையில் போட்டுவிட்டால், 89 நாட்களுக்குள் ஆர்டர் செய்தாலும் கமிஷன் கணக்கில் வரும். கிரைண்டர் மாதிரி வீட்டில் கலந்து பேசி வாங்கும் பொருளுக்கு இந்த வித்தியாசம் பெரியது. ‘அளவெல்லாம் பார்த்துவிட்டுப் பிடித்திருந்தால் கூடையில் போட்டு வையுங்கள், வீட்டில் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள்’ என்று வீடியோவில் சொல்லுங்கள். அது பார்ப்பவருக்கும் நல்ல யோசனைதான்.

முதலில் காட்டிய தொகை பிறகு குறைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் ரிட்டர்ன். பொருள் திரும்பினால் கமிஷனும் திரும்பிப் போகும். உங்கள் இண்டக்ஷன் அடுப்பையே எடுத்துக்கொள்வோம். அது ஏன் திரும்புகிறது? பிளக் பொருந்தவில்லை, வீட்டிலிருக்கும் அலுமினியக் குக்கர் சூடாகவில்லை, கரண்ட் பில் பயத்தில் மாமியார் வேண்டாம் என்கிறார். இந்த மூன்றையும் வாங்குவதற்கு முன்பே தீர்த்து வைக்கும் வீடியோதான் காசு தரும். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். சுவரில் சாதாரணமாக இருக்கும் 6 ஆம்பியர் சாக்கெட்டுக்கு அது அதிகம். பெரிய பிளக் போகும் 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். இரண்டு சாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். பிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துக் காட்டுங்கள்; நன்றாக ஒட்டினால் சூடாகும், ஒட்டாவிட்டால் ஆகாது. அடி தட்டையாகவும் இருக்க வேண்டும். கரண்டுக்கு, சராசரியாக 1500 வாட்டில் தினம் அரை மணி நேரம் என்றால் முக்கால் யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 45 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம் என்பதால், ஏற்கெனவே எத்தனை யூனிட் ஓடுகிறது என்பதோடு கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டியைப் பிரித்து, லைட் எரிவதைக் காட்டி, ‘சூப்பர்’ என்று முடிக்கும் 30 வினாடியில் இதில் எதுவும் இல்லை.

கிரைண்டரிலும் இப்படித்தான். எத்தனை டம்ளர் அரிசி, எத்தனை உளுந்து போட்டீர்கள், எத்தனை நிமிடம் ஓடியது, எடுக்கும்போது மாவு கையில் எவ்வளவு சூடாக இருந்தது, கல்லுக்கு அடியில் எவ்வளவு மாவு தங்கியது, மாவோடு டிரம்மைத் தூக்க ஒரு கை போதுமா என்பதையெல்லாம் காட்டுங்கள். சத்தத்தை வெட்டாமல் இருபது வினாடி விடுங்கள், மேலே பாட்டுப் போடாதீர்கள். கடைசியில் யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்லுங்கள்: எட்டுப் பேர் குடும்பத்துக்கு இது சின்னது, தனியாக இருப்பவர்களுக்கு இது தேவையில்லை என்று. தவறானவர்கள் வாங்காவிட்டால் ரிட்டர்ன் தானாகக் குறையும். எல்லாப் பொருளையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தெரிந்த வீட்டில் இரண்டு மூன்று வருஷமாக ஓடும் கிரைண்டரை அவர்கள் அனுமதியோடு படம் பிடியுங்கள். பெல்ட் மாற்றினார்களா, கல் தேய்ந்ததா, சர்வீஸ்காரர் வீட்டுக்கு வந்தாரா என்ற தகவல் புதுப்பெட்டி பிரிக்கும் எந்த வீடியோவிலும் கிடைக்காது. என்னைக் கேட்டால் உங்கள் சேனலின் பலமே இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தலைப்பை ஜனங்கள் தேடும் வார்த்தையில் வையுங்கள். ‘2 லிட்டர் கிரைண்டர்ல எத்தனை டம்ளர் அரைக்கலாம்’ என்று கேட்பவர் வாங்கும் முடிவுக்குப் பக்கத்தில் நிற்கிறார். ‘அசத்தலான கிச்சன் பொருட்கள்’ என்பதைப் பார்ப்பவர் பொழுது போக்குகிறார். யூடியூப் தேடல் பெட்டியில் பொருளின் பெயரைப் பாதி தட்டினால் கீழே வரும் பரிந்துரைகளே உங்கள் அடுத்த ஆறு மாத வேலை. வாரத்துக்கு ஏழு ஷார்ட்ஸுக்குப் பதில் ஒரு நீள வீடியோவும், அதிலிருந்து வெட்டிய இரண்டு ஷார்ட்ஸும் போதும்.

காசு கட்டி ப்ரமோட் செய்தால் பார்வை ஏறும், வாங்கும் எண்ணமில்லாதவர்கள் பார்ப்பார்கள். ஒரு ஆர்டருக்கு 100, 200 ரூபாய் கமிஷன் வரும் தொழிலில் விளம்பரச் செலவு அதைத் தின்றுவிடும்.

நேரமும் முக்கியம். தீபாவளிக்கு முந்தைய பெரிய தள்ளுபடி விற்பனைகள் செப்டம்பர், அக்டோபரில் வரும். விற்பனை தொடங்கும் அன்று வீடியோ போட்டால் அது தேடலில் மேலே வருவதற்குள் விற்பனையே முடிந்துவிடும். மூன்று வாரம் முன்பே போட்டு வைத்துவிட்டு, அன்று காலையில் லிங்க்கையும் பின் கமெண்டையும் மட்டும் சரிபாருங்கள். நம் ஊரில் இன்னொரு பருவமும் உண்டு: தை, ஆவணி முகூர்த்தங்களுக்குச் சீர் வாங்கும் காலம். கிரைண்டர், மிக்ஸி வீடியோக்களை மார்கழியிலும் ஆடியிலும் தயார் செய்யுங்கள்.

டிஸ்கிரிப்ஷனில் விலையை எழுதாதீர்கள். அது மணிக்கொரு தரம் மாறும், விதியும் அனுமதிக்காது. அமேசானில் உள்ள படங்களையும் வாடிக்கையாளர் விமர்சனங்களையும் எடுத்துப் போடுவதும் கூடாது.

கமிஷன் வருகிறது என்பதைத் தமிழிலேயே, வீடியோவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ‘இந்த லிங்க்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும், உங்களுக்கு விலை கூடாது’ என்று ஒரு வரி போதும். இலவசமாக அனுப்பிய பொருளென்றால் அதையும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் உண்டு.

கடைசியாக வரி. கமிஷன் ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால் 2 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வரி) பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். பிடித்தது வருமான வரித் துறையின் இணையதளத்தில் தெரியும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையென்றால் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். சிறு வியாபாரிகள் பயன்படுத்தும் உத்தேச வருமானத் திட்டம் (செலவுக் கணக்கு காட்டாமல், விற்பனையில் ஒரு பங்கையே லாபமாகக் காட்டுவது) கமிஷன் வருமானத்துக்குப் பொருந்தாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதனால் செலவுக் கணக்கை உண்மையாகவே எழுதி வைக்க வேண்டும். விமர்சனத்துக்கு வாங்கிய பொருள், ட்ரைபாட், மைக், நெட் கட்டணம் எல்லாவற்றின் பில்லையும் மாதவாரியாக ஒரு உறையில் போட்டு வைத்து மார்ச் முடிந்ததும் ஆடிட்டரிடம் கொடுங்கள்.